தாய்வழி: இல்லை

மே 2, வெள்ளி

மச்சான் ஷார்ஜாவிலிருந்து வந்து இறங்கி இன்னும் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. அதற்குள் என் மகனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. மே 18, ஞாயிறு, சுன்னத் கல்யாணம். குறித்தவர்கள் என்னைக் கட்டிய மச்சானும் அவருடைய அக்கா செய்யதம்மாள் ராத்தாவும். கறிக்கடை காசிம் காக்காவைக்கூடக் கேட்டிருக்கிறார்கள், அன்றைக்கு ஆடு தோதுப்படுமா என்று. பெற்றவளைக் கேட்கவில்லை. ஆட்டுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லை.

நான் வேண்டாமென்று சொல்கிற ஆள் இல்லை. உமைருக்கு ஆறு வயது முடிந்துவிட்டது, பள்ளிக்கூடமும் லீவு. செய்ய வேண்டியதுதான். ஆனால் "ஜம்ரூத், இந்தத் தேதி உனக்குச் சரிப்படுமா?" என்று ஒரு வார்த்தை. கேட்டால் வாய் வெந்துவிடுமா?

மே 4, ஞாயிறு

பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. பச்சையும் பொன்னுமாகப் பளபளக்கிறது. உமைர் பெயர் பெரிய எழுத்தில். கீழே வாப்பா பெயர், வாப்பாவின் வாப்பா பெயர், அவருக்கும் வாப்பா பெயர், மலேசியாவில் இருக்கிற, இவன் முகத்தையே பார்க்காத பெரியவாப்பா பெயர். நான் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். அச்சகத்தின் பெயரும் போன் நம்பரும் இருக்கிறது. என் பெயர் இல்லை.

"பெத்தவ பேரு எங்க ராத்தா?" என்றேன்.

"ஆம்புளப்புள்ள சுன்னத்துப் பத்திரிகையில பொம்புள பேரு போடுறதா? நல்லாக் கேட்டே போ!" என்று சிரித்தார். ராத்தாவுக்குப் பிள்ளை இல்லை, மாப்பிள்ளையும் மவுத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட்டார். உமைர்தான் அவருக்கு உயிர். அதனால்தான் அவரை முழுதாகத் திட்டவும் முடியவில்லை.

பிறகு பாடம் நடத்தினார். "உங்க மேற்குப் பக்கத்து ராவுத்தருங்க ஹனஃபி வழி. உங்களுக்கு இது சுன்னத்து, செஞ்சா நல்லது, அவ்வளவுதான். நாங்க ஷாஃபி வழி, எங்களுக்கு வாஜிபு. கட்டாயக் கடமை. இப்ராஹீம் நபி எம்பது வயசுல செஞ்சுக்கிட்டாங்க, உம் மவன் ஆறு வயசுல செஞ்சா என்ன? சுத்தம் இல்லாம தொழுகைல நிக்க முடியுமா? நாளைக்குச் சேக்காளிப் பயலுவ இவன ஒதுக்கமாட்டானுவளா?"

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நான் என்ன நேற்றுக் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தவளா? மார்க்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. குதிரை ஊர்வலமும் பேண்டு வாத்தியமும் எந்தக் கிதாபில் எழுதியிருக்கிறது என்றுதான் கேட்டேன். ராத்தா காது கேளாதவர் மாதிரி வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

மே 5, திங்கள்

கம்பத்துக்கு, அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அன்றைக்குத் தலைவலியாம், வர முடியாதாம். கல்யாணத்துக்கு இன்னும் பதிமூன்று நாள் இருக்கிறது.

மே 7, புதன்

காலையில் நான் இரத்தம் எடுக்கிற லேபில் கூட்டம். சர்க்கரைக்கு இருபத்தேழு பேர். ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்த மீன் ஏலக்காரர் ஒருவரை நாற்காலியோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். ஆளோ ஆறடி, வாயோ ஏழடி.

சாயங்காலம் உமைருக்கு முன்பல் விழுந்தது. பல் விழுந்தால் இரத்தம் வரத்தான் செய்யும். கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். தலையணை உறையை மூன்று தடவை அலசி, ராத்தா மாடிக்கு வருவதற்குள் காய வைத்து எடுத்துவிட்டேன். அவர் பார்த்தால் ஊரைக் கூட்டுவார்.

மே 8, வியாழன்

இன்னும் நின்று நின்று கசிகிறது. நாக்கால் நோண்டிக்கொண்டே இருக்கிறான், எப்படி நிற்கும்? ஐஸ் வைத்தேன். நேற்றிலிருந்து சோறு வேண்டாம், பால் மட்டும். முழங்காலில் நீலமாக இருக்கிற இரத்தக்கட்டு சைக்கிளில் விழுந்தது. போன மாதம் விழுந்தது.

எல்லாப் பிள்ளையும்தான் விழுகிறது.

மே 10, சனி

டவுனிலிருந்து வந்து செய்யப்போகிற டாக்டர் ஒரு படிவமும், இரத்தம் நிற்கிற நேரம், உறைகிற நேரம் என்று இரண்டு சோதனையும் கேட்டிருந்தார். எங்கள் லேபிலேயே செய்தேன். என் பிள்ளை விரலில் நானே குத்தினேன். நிற்க இரண்டரை நிமிடம், உறைய ஆறு நிமிடம். நார்மல். கையெழுத்துப் போட்டுக் கவரில் வைத்தேன்.

இந்த இரண்டும் பாட்டன் காலத்துச் சோதனை. இலேசான உறைதல் கோளாறு இருந்தால் இதில் பிடிபடாது. ஏபிடிடி என்று ஒன்று இருக்கிறது, இரத்தத்தைச் சோதனைக் குழாயில் எடுத்து மதுரைக்கு அனுப்ப வேண்டும். டாக்டர் அதைக் கேட்கவில்லை. எம்.பி.பி.எஸ். படித்தவரே கேட்காததை, டிப்ளமோ படித்த நான் எதற்கு இழுத்துப்போட்டுச் செய்ய வேண்டும்? ஒரு சோதனை எழுதக்கூட இந்த ஊர் டாக்டர்களுக்குக் கை வலிக்கிறது.

படிவத்தை மச்சான்தான் நிரப்பினார். 'குடும்பத்தில் இரத்தப்போக்கு நோய் உண்டா?' தந்தைவழிக்கு நேரே 'இல்லை' என்று எழுதினார். தாய்வழிக்கு நேரே, தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்க்காமலே, 'இல்லை'. நான் பக்கத்தில் அரை முழம் தள்ளி மீன் கழுவிக்கொண்டு நின்றேன்.

"அத என்கிட்ட கேக்க வேணாமா மச்சான்?"

"ஏன், ஈக்கிதா?"

"இல்ல. ஆனா கேக்கணும்ல?"

"இல்லைன்னா இல்லைதானே? இதுல என்ன ஜம்ரூ கோவம்?"

கோபம் வராதா? பத்திரிகையிலும் நான் இல்லை, படிவத்திலும் நான் இல்லை. இந்தப் பிள்ளை வானத்திலிருந்தா விழுந்தான்?

மே 12, திங்கள்

அம்மாவோடு போனில் பெரிய சண்டை. வரவே மாட்டாளாம். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் இதே கதைதான். மாமு மகன் சுன்னத்துக்குத் தலைவலி. பெரியத்தா பேரன் சுன்னத்துக்குத் தலைவலி. எதிர்வீட்டுப் பிள்ளை சுன்னத்து அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள், பேண்டு சத்தம் ஒத்துக்கொள்ளவில்லையாம். நிக்காஹ் வீட்டுப் பேண்டு மட்டும் ஒத்துக்கொள்ளும்! இப்போது சொந்தப் பேரன். முதல் பேரன்.

"உனக்கு ஆம்பளப்புள்ளைன்னாலே ஆகாது. அண்ணன் போனதிலருந்து நீ எந்தப் பையனையும் மடியில வச்சதில்ல" என்று சொல்லிவிட்டேன். தாவூது அண்ணன் நான் பிறப்பதற்கு முன்னாலேயே, ஏழு வயதில், காய்ச்சலில் போனவன். போட்டோகூட இல்லை. அவனை இழுத்திருக்கக் கூடாது. ஆனால் அவள் மட்டும் இப்படிச் செய்யலாமா?

அம்மா, "அவனுக்குப் பல்லு விழுந்துச்சே, ரத்தம் சட்டுனு நின்னுச்சாத்தா?" என்று கேட்டாள்.

பல் விழுந்த கதையை உமைர் போனில் சொல்லியிருக்கிறான். "நின்னுச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மே 13, செவ்வாய்

குதிரைக்காரர் வந்து குதிரையைக் காட்டிவிட்டுப் போனார். குதிரைக்கும் அளவெடுத்து மாலையாம். லேபிலிருந்து வரும்போது மதுரைக்குச் சோதனைக் குழாய் எடுத்துப்போகிற பையன் பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தான். நில் என்று நான் கையைக் காட்டவில்லை.

மே 14, புதன்

அம்மா வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல், மூன்று பஸ் மாறி, உச்சி வெயிலில் வாசலில் வந்து நின்றாள். கையில் பை இல்லை, மாற்றுத் துணி இல்லை. ராத்தா மோர் கொடுத்தார். குடிக்கவில்லை. என் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"உமைருக்கு இத செய்யாதத்தா."

"ஏன்?"

"தாவூது காய்ச்சல்ல போகல."

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுதாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும்.

"அப்பெல்லாம் சுன்னத்து செய்யிற ஒஸ்தா வீட்டுக்கே வந்து செய்வாரு. நல்ல மனுசன், கைராசிக்காரரு, அவரு மேல தப்பில்ல. முடிச்சிட்டு, புண்ணு மேல துணி படக்கூடாதுன்னு வெள்ள வேட்டிய உத்தரத்துலருந்து கட்டித் தொங்க விட்டாங்க. ஆம்பளைங்க மட்டும்தான் உள்ள. மொதக் கட்டுப் பிரிக்கிற வரைக்கும் பொம்பளைய விடமாட்டாங்க. நான் கதவுக்கு வெளிய. அவன் 'அம்மா, நனைஞ்சிருக்கும்மா'ன்னான். உங்க அத்தாகிட்ட, உங்க புள்ள நனைஞ்சிருக்குங்கிறான்னு சொன்னேன். 'ஒண்ணுக்குப் போயிருப்பான், போ'ன்னாரு. மறுபடியும் 'நனைஞ்சிருக்கும்மா'ன்னான். சாம்பல வச்சு அமுக்கிட்டோம்னாங்க. வெளிய பிரியாணி விளம்பிக்கிட்டு இருந்தாங்க. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அவன் கூப்புடல. தூங்குறான்னு நெனச்சேன்."

அம்மா அழவில்லை. நான்தான் அழுதேன்.

காய்ச்சல் என்று சொன்னது யார் என்று கேட்டேன். என் அத்தாவும் அவருடைய அண்ணன்மாரும். "சுன்னத்துல போனான்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு எவன் புள்ளைய உக்கார வைப்பான்? மார்க்கத்துக்குத்தானே கெட்ட பேரு"ன்னாங்களாம். ஆக, மார்க்கத்தைக் காப்பாற்ற என் அண்ணனைக் காய்ச்சலில் போகவிட்டார்கள். அல்லாஹ் கேட்டானா இவர்களிடம், என்னைக் காப்பாற்றுங்கள் என்று?

"அவங்க சொன்னாங்க. நீ ஏம்மா வாய மூடிக்கிட்டு இருந்தே? முப்பத்தெட்டு வருசம்! எனக்கு ஆம்பளப்புள்ள பொறந்தப்பவாவது சொல்லியிருக்க வேணாமா?"

"எங்க மாமு ஒருத்தரும் சின்ன வயசுல ரத்தம் நிக்காமத்தான் போனாரு. பொம்பள வழில வருதுன்னு தெரிஞ்சா உன்னைய யாரு கட்டுவா? உன் தங்கச்சி ஷம்ஷாத யாரு கட்டுவா? அவளுக்கு இப்பத்தான் நிச்சயம் ஆயிருக்கு."

நான் கத்தினேன். பெற்ற தாயை என்னென்ன சொல்லக்கூடாதோ அத்தனையும் சொன்னேன். பேரனைக் கொல்லப் பார்த்தாய் என்று சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் படிக்காதவத்தா. நீ ரத்தத்துலயே வேலை பாக்குறவ. பல்லு விழுந்து ரெண்டு நாள் கசிஞ்சுச்சுன்னு அவன் எங்கிட்டச் சொன்னான். நீ நின்னுச்சுன்னே. உனக்குத் தெரியாதா?"

மே 15, வியாழன்

தெரியும்.

காலை ஏழு மணிக்கு உமைர் கையில் நானே ஊசி போட்டு எடுத்தேன். மதுரைப் பையனிடம் கொடுத்தேன்.

மே 16, வெள்ளி

ஏபிடிடி எழுபத்தோரு விநாடி. நாற்பதுக்குள் இருக்க வேண்டியது. உறைய வைக்கிற எட்டாம் காரணி நூற்றுக்கு எட்டு. ஹீமோபிலியா, இலேசான வகை. இலேசாம்! இந்தப் பெயர் வைத்தவனுக்குப் பிள்ளை இருந்திருக்காது.

மச்சானிடம் காகிதத்தை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையே" என்றார். அதையே மூன்று தடவை சொன்னார். பத்திரிகையில் போட்ட அத்தனை பெயரும் அவர் கண்ணில் ஓடியிருக்கும்.

ராத்தா அடுப்படியிலிருந்து வந்தார். "அப்ப உம் பக்கத்துலேருந்து வந்துச்சா?"

"ஆமா ராத்தா, எம் பக்கத்துலேருந்துதான். அவன் கண்ணு, அவன் சிரிப்பு, அவன் கணக்குல நூத்துக்கு நூறு வாங்குறது, அதெல்லாம் எங்கேருந்து வந்துச்சோ அங்கேருந்துதான். இவ்வளவு நாளும் இவன் உங்க பக்கத்துப் புள்ள. சீக்குன்னு வந்ததும் எம் பக்கமா?"

"ஞாயித்துக்கெழம நானூறு பேரு வர்றாங்க. வாஜிபு ஜம்ரூத்து இது! வெளையாட்டா?"

"நானூறு பேரு வெளிய சோறு திங்கையிலதான் எங்கண்ணன் உள்ள செத்தான்."

இதைச் சொன்னது நானில்லை என்று எழுத ஆசை. நான்தான். வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். பின்கட்டில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து என் பின்னால் நின்றாள். மச்சான் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனார்.

திரும்பி வரும்போது பள்ளிவாசல் ஆலிம்சாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆலிம்சா காகிதத்தைப் பார்த்தார். தனக்கு இது புரியாது, விளக்கமாகச் சொல்லுங்கள் என்று என்னிடமே கேட்டார். இந்தப் பதினைந்து நாளில் என்னிடம் ஒரு விஷயம் கேட்ட முதல் ஆண்பிள்ளை. சொன்னேன்.

"வாஜிபுதான். அதுல மாத்தமில்ல" என்றார். "ஆனா உயிருக்கு ஆபத்துன்னு வெவரம் தெரிஞ்ச டாக்டர் சொன்னா, பயம் தீர்ற வரைக்கும் பிற்படுத்தணும். தீராமலே போனா குத்தமில்ல. இது நான் சொல்றதில்லம்மா, ஷாஃபி கிதாபுலயே ஈக்கிது. அந்தக் காலத்துலேருந்து ஈக்கிது."

அந்தக் காலத்திலிருந்து இருக்கிறதாம். அப்படியானால் எங்கள் வீட்டில் ஏன் யாரும் அதைப் படிக்கவில்லை? பிரியாணிக்கு அரிசி எத்தனை படி என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. குதிரை எங்கே கிடைக்கும் என்று தெரிந்திருக்கிறது. ஒரு பிள்ளையை உயிரோடு வைக்கிற நாலு வரி மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பவும் இருந்துச்சா ஹஜ்ரத்?" என்று ஒன்று மட்டும் கேட்டாள். "இருந்துச்சும்மா" என்றார் ஆலிம்சா.

மே 18, ஞாயிறு

ஆடு அறுத்தாகிவிட்டது, அழைத்தவர்களை வராதே என்று சொல்ல முடியாது. விருந்து நடந்தது. குதிரையும் வந்தது. பிள்ளை ஆசைப்பட்டான் என்று ஏற்றினார்கள். நான் தடுக்கவில்லை. குதிரை என்ன பாவம் செய்தது?

ராத்தாவைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு நாள் என் முகத்தில் விழிக்கவில்லை. ஆனால் பந்தியில் ஒரு பெண், "என்னா செய்யதம்மா, பயலுக்குச் செய்யலையாமே? இது என்னா புதுப் பழக்கம்?" என்று இழுத்தாள். ராத்தா கரண்டியோடு திரும்பினார். "டாக்டரும் சொல்லியாச்சு, ஆலிம்சாவும் சொல்லியாச்சு. நடுவுல நீ எந்த மத்ரஸாவுல ஓதுனே? கறி வேணுமா, கத்திரிக்கா வேணுமா, அத சொல்லு!" அந்தப் பெண் கறி என்றாள். ராத்தா அவளுக்கு எலும்பாகப் பார்த்து வைத்தார்.

குதிரையிலிருந்து இறங்கியதும் உமைர் என்னிடம் வந்தான். முகம் சுண்டியிருந்தது. யாரோ ஒரு பயல் சொல்லியிருக்கிறான்.

"உம்மா, அப்ப நான் முஸ்லிம் இல்லையா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பயல் கையில் கிடைத்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். "கலிமா சொல்லு" என்றேன். சொன்னான். "முடிஞ்சுச்சு. வேற எதுவும் கேட்டா உம்மாகிட்ட வரச் சொல்லு." நெற்றிப்பட்டையைக் கழற்றாமலே விளையாட ஓடினான். "ஏய், மெதுவா!" என்று பின்னாலிருந்து கத்தினேன். இனி வாழ்நாள் முழுக்க இப்படித்தான் கத்தப்போகிறேன்.

மே 22, வியாழன்

மதுரை. பெரிய ஆஸ்பத்திரியில் உமைர் பெயரைப் பதிந்தோம். அடிபட்டால் போடுகிற உறைதல் மருந்து இங்கே கிடைக்கும். பிற்பாடு சுன்னத்து செய்வதென்றால் அந்த மருந்தை ஏற்றி, இங்கேயே படுக்க வைத்து, கவனமாகச் செய்யலாமாம். செய்யலாமா வேண்டாமா என்பதை நிதானமாக முடிவெடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ என்ன சொல்றே ஜம்ரூ?" என்றார். குடும்பம் என்று ஆகி எட்டு வருடம், இப்போதுதான் வழிக்கு வந்திருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஒரு படிவம் கொடுத்தார்கள். அதே கேள்வி, அதே இரண்டு கட்டம். மச்சான் தந்தைவழியை எழுதிவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

அம்மா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "எழுதுறியாத்தா?" என்று மெதுவாகக் கேட்டாள். "ஷம்ஷாத் நிக்காஹ் முடியட்டுமே. ஆறு மாசம்தானே. அதுக்கப்புறம் சொல்லிக்கலாம்."

பேனா என் கையில் இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: ஒரு நிமிடம் எனக்கும் அது சரியென்று பட்டது. ஆறு மாதம்தானே. நல்ல மாப்பிள்ளை, நல்ல இடம். அவளும் இந்தக் கோளாறைச் சுமக்கலாம், சுமக்காமலும் இருக்கலாம். எதற்கு இப்போது? முப்பத்தெட்டு வருடமும் இப்படித்தான் ஆறு ஆறு மாதமாகப் போயிருக்கும்.

எழுதினேன். தாய்வழி: உண்டு. தாய்மாமன், தாவூது. வயது ஏழு. இறப்புக் காரணம் என்ற இடத்தில் காய்ச்சல் என்று எழுதவில்லை.

"என்னைக்கும்மா அது?" என்று கேட்டேன்.

"ரஜப் மாசம் பிறை பதினாலு, வியாழக்கெழம" என்றாள் அம்மா, யோசிக்காமல். "அசருக்கும் மஃரிபுக்கும் நடுவுல." சொல்லிவிட்டு உமைரை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். அவன் கனம் தாங்காமல் காலை மாற்றி மாற்றி வைத்தாள். இறக்கவில்லை.

நான் வராந்தாவுக்கு வந்து ஷம்ஷாதுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றுவிடாமல். உன் மாப்பிள்ளையிடம் நீயே சொல், ஒத்துக்கொண்டால் கட்டு, ஒத்துக்கொள்ளாதவன் நமக்கு வேண்டாம் என்றேன். அவளுக்கும் இரத்தம் எடுக்க வேண்டும், நானே எடுக்கிறேன் என்றேன்.

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அக்கா" என்றாள். "அப்ப அம்மாவுக்குத் தலைவலியே கெடையாதா?"

"கெடையாது" என்றேன்.